குதிநாண் வலியும் மூத்த ஓட்டக்காரர்களும்: ஒரு சிகிச்சையின் வரலாறு

குதிநாண் என்பது கெண்டைக்கால் தசைகளைக் குதிகால் எலும்புடன் இணைக்கும் தசைநாண். மனித உடலில் உள்ள தசைநாண்களில் இதுவே மிகவும் தடித்தது, வலிமையானது. அக்கிலீஸ் நாண் என்றும் இது அழைக்கப்படுகிறது. பேச்சு வழக்கில் பலர் இதைக் 'குதிகால் நரம்பு' என்கின்றனர். ஆனால் இது நரம்பு அன்று. தசையின் இழுவிசையை எலும்புக்குக் கடத்தும் கொலாஜன் இழைகளின் கற்றை.

பின்லாந்து ஆய்வாளர் பாவோ கோமி, தன்னார்வலர்களின் குதிநாணில் அளவு கருவியைப் பொருத்தி அவர்களை ஓடச் செய்து அளந்தார். வேகமாக ஓடும்போது நாணின் மீது 9 கிலோநியூட்டன் வரை, அதாவது உடல் எடையைப் போல ஏறத்தாழ 12.5 மடங்கு விசை செயல்படுவதை அவர் பதிவு செய்தார். ஒவ்வோர் அடியிலும் இத்தகைய சுமையைத் தாங்கும் உறுப்பு நோவது வியப்பன்று. அந்த நோவுக்கு மருத்துவம் சொன்ன விடை எப்படி மாறியது என்பதே இங்கு வரலாறாகிறது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஓட்டக்காரருக்குக் கிடைத்த விடை 'ஓட்டத்தை நிறுத்துங்கள்' என்பது. நாற்பது, ஐம்பது வயதைக் கடந்தவருக்கு அதனுடன் 'இந்த வயதில் எதற்கு?' என்ற கேள்வியும் சேர்ந்து வந்தது. இன்று அதே நாணுக்குச் சுமையே மருந்தாகத் தரப்படுகிறது.

பெயர் வந்த வழி

கிரேக்க வீரன் அக்கிலீஸைக் குழந்தைப் பருவத்தில் அவன் தாய் தெட்டிஸ் ஸ்டிக்ஸ் ஆற்றில் அமிழ்த்தினாள், அவள் பிடித்திருந்த இடம் மட்டும் நனையாமல் போனது என்ற கதை பரவலாக அறியப்பட்டது. இக்கதை ஹோமரின் இலியட்டில் இல்லை. அக்காவியம் அக்கிலீஸ் இறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஆற்றில் அமிழ்த்திய செய்தி கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியக் கவிஞர் ஸ்டேஷியஸ் எழுதிய அக்கிலீட் என்னும் நூலில்தான் கிடைக்கிறது. பாதத்தில் பட்ட அம்பால் உயிர் துறந்த கண்ணனின் கதையை மகாபாரதத்தில் அறிந்த தமிழ் வாசகருக்கு இக்கருத்து புதிதன்று.

கிரேக்க மருத்துவர்களும் இந்த நாணைக் கண்டு அஞ்சினர். ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் நூல்களில், இந்த நாண் நசுங்கினாலோ வெட்டுப்பட்டாலோ கடும் காய்ச்சலும் மனக்குழப்பமும் உண்டாகி மரணம் வரை செல்லும் என்ற எச்சரிக்கை உள்ளது. கிருமித் தொற்றைத் தடுக்க வழியில்லாத காலத்தில் அந்த அச்சத்துக்கு அடிப்படை இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் அது விலகியது. ஜெர்மன் அறுவை மருத்துவர் ஸ்ட்ரோமேயர், வளைபாதத்தைச் சரிசெய்ய, தோலில் சிறு துளையிட்டு இதே நாணை வெட்டும் முறையை 1830களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

அக்கிலீஸின் பெயரை நாணுக்குச் சூட்டியவர் பிலிப் வெர்ஹெயன் (1648–1710). இன்றைய பெல்ஜியத்தின் பகுதியில் உழவர் குடும்பத்தில் பிறந்து, குருவாகும் நோக்கத்துடன் படித்துவந்தவர். நோயால் அவரது கால் ஒன்று துண்டிக்கப்பட்டதும் குருப்பட்டத்துக்கான வழி அடைபட்டது. மருத்துவம் பயின்று லூவன் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் பேராசிரியரானார். 1693இல் அவர் வெளியிட்ட உடற்கூற்று நூலில் இந்த நாணை 'கோர்டா அக்கிலிஸ்' என்று குறித்தார். துண்டிக்கப்பட்ட தம் காலையே அறுத்துப் பார்த்து அவர் இதைக் கண்டறிந்தார் என்ற கதையும் ஓவியமும் பிற்காலத்தவை; நம்பத்தக்க சான்று அவற்றுக்கு இல்லை. 'கோர்டா' என்ற சொல்லுக்குக் கயிறு, இசைக்கருவியின் தந்தி என்று பொருள். வில்லின் கயிற்றைக் குறிக்கும் 'நாண்' என்ற தமிழ்ச் சொல் அதற்கு மிக அருகில் நிற்கிறது.

வலி, அழற்சி, ஓய்வு

நாண் அறுந்துபோவது பழங்காலம் முதலே அறியப்பட்டிருந்தது. அறுந்துபோகாமலே நாட்கணக்கில் வலிக்கும் நிலையைத் தனி நோயாக விவரித்தவர் வியன்னாவின் அறுவை மருத்துவர் எடுவர்ட் ஆல்பர்ட். 1893இல் 'அக்கிலோடினியா' என்ற தலைப்பில் அவர் எழுதினார். நாண் எலும்பில் சேரும் இடத்தில் சிறு வீக்கம், நிற்கும்போதும் நடக்கும்போதும் வலி, உட்கார்ந்தால் மறைவு என்பது அவரது விவரிப்பு. அந்தப் பெயருக்கு 'அக்கிலீஸ் வலி' என்பதற்கு மேல் பொருளில்லை. காரணம் தெரியாத ஒன்றுக்குக் காரணம் சொல்லாத பெயரை வைத்தது நேர்மையான செயல். 1920களின் இறுதியில் ஸ்வீடனின் பாட்ரிக் ஹாக்லண்ட், குதிகால் எலும்பின் பின்மேற்புறம் புடைத்திருப்பதையும் அது காலணியின் விளிம்பில் உரசுவதையும் விவரித்தார். அப்புடைப்பு இன்றும் அவர் பெயராலேயே குறிக்கப்படுகிறது.

பின்னர் வந்தவர்கள் ஆல்பர்ட் அளவுக்கு எச்சரிக்கையாக இல்லை. வலியும் வீக்கமும் இருப்பதால் அது அழற்சியாகத்தான் இருக்க வேண்டும் என்று கொண்டு 'நாண் அழற்சி' என்று பெயரிட்டனர். பெயர் மாறியதும் சிகிச்சையும் அதன் வழியே சென்றது. அழற்சி என்றால் ஓய்வு, பனிக்கட்டி ஒத்தடம், அழற்சி நீக்கி மாத்திரை, ஸ்டீராய்டு ஊசி, காலணிக்குள் குதிகால் மேடு. எதற்கும் அடங்காவிட்டால் அறுவை. 1950களின் இறுதியில் லாகர்கிரென், லிண்ட்ஹோம் என்னும் ஸ்வீடன் ஆய்வாளர்கள், எலும்பில் சேரும் இடத்துக்குச் சில சென்டிமீட்டர் மேலே நாணில் இரத்த நாளங்கள் குறைவாக இருப்பதைப் படமெடுத்துக் காட்டினர். வலியும் அறுதலும் பெரும்பாலும் வருவது அதே பகுதியில்தான். இரத்த ஓட்டம் குறைந்த, தேய்ந்துவரும் கயிறு என்ற எண்ணம் இதனால் வலுப்பட்டது. தேயும் கயிற்றை இழுக்கக் கூடாது என்பது எவருக்கும் தோன்றும் முடிவே.

ஓட்டம் எல்லோருக்கும் ஆனபோது

நாற்பது வயதைக் கடந்தவர் சாலையில் ஓடுவது அதுவரை அரிதாக இருந்தது. 1968இல் கென்னத் கூப்பரின் 'ஏரோபிக்ஸ்' நூல் வெளிவந்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்கரான ஃபிராங்க் ஷார்ட்டர் மாரத்தான் தங்கம் வென்றார். 1970இல் 127 பேர் பெயர் கொடுத்து 55 பேர் மட்டும் ஓடி முடித்த நியூயார்க் மாரத்தான், 1976இல் பூங்காவை விட்டு வெளியேறி நகரின் ஐந்து பகுதிகளிலும் ஓடும் பந்தயமானது. 1975இல் டொராண்டோவில் முதல் உலக மூத்தோர் தடகளப் போட்டி நடைபெற்றது. 1977இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் இரண்டாம் போட்டியின்போது அதற்கான உலகச் சங்கம் அமைந்தது.

மருத்துவமனைகளுக்கு ஒரு புதிய வகை நோயாளி வந்தார். எலும்பு முறிவு இல்லை, நாண் அறவில்லை, அன்றாட வேலைக்குத் தடையில்லை. காலையில் படுக்கையிலிருந்து இறங்கும் முதல் சில அடிகள் வலிக்கின்றன. ஓடத் தொடங்கும்போது வலித்து, உடல் சூடானதும் குறைந்து, மறுநாள் மீண்டும் வருகிறது. ஆறு வாரம் ஓய்வெடுத்தால் வலி போய்விடுகிறது. ஓடினால் திரும்பி வருகிறது. ஓய்வு நோயை மறைத்ததே தவிர நீக்கவில்லை. அந்த ஆறு வாரத்தில் கெண்டைத்தசை மேலும் மெலிந்தது. வயதானவருக்கு இழந்த தசையை மீட்பது இளைஞரைவிடக் கடினம் என்பதால் ஓய்வின் விலை அவருக்கே அதிகம். பின்லாந்தில் உயர்நிலைப் போட்டிகளில் ஓடிய முன்னாள் வீரர்களைப் பற்றி 2005இல் வெளியான ஆய்வு, நடுத்தர, நெடுந்தூர ஓட்டக்காரர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் குதிநாண் பாதிப்பு வந்திருப்பதைக் காட்டியது.

அழற்சி என்ற சொல்லை முதலில் அசைத்தவர்களில் இத்தாலியின் ஜான்கார்லோ புட்டு குறிப்பிடத்தக்கவர். 1976இல் அவரும் உடன் பணியாற்றியோரும் குதிநாண் நோய்களை வகைப்படுத்தி வெளியிட்ட கட்டுரையில், நாணின் உள்ளே காணப்படுவது பெரும்பாலும் அழற்சி அன்று, சிதைவு என்று கூறி அதைக் குறிக்கும் தனிச் சொல்லைப் பயன்படுத்தினர். நுண்ணோக்கியில் அழற்சிக்குரிய வெள்ளணுக்கள் திரண்டு காணப்படவில்லை. ஒழுங்கு குலைந்த கொலாஜன் இழைகளே தென்பட்டன. அக்கட்டுரை உடனடியாக மருத்துவர்களின் சீட்டை மாற்றிவிடவில்லை. 1980களின் நடுவில் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் வில்லியம் ஸ்டானிஷ், சாண்ட்ரா கர்வின் ஆகியோர், தசை நீண்டுகொண்டே விசை கொடுக்கும் 'இறக்கப் பயிற்சி'யை நாண் நோய்க்குச் சிகிச்சையாக முன்வைத்தனர். சுமையைப் படிப்படியாகக் கூட்டுவது அவர்களது வழி.

உமியோவின் மருத்துவர்

அடுத்த திருப்பம் வடக்கு ஸ்வீடனின் உமியோ நகரில் நிகழ்ந்தது. எலும்பியல் மருத்துவரான ஹாகன் ஆல்ஃப்ரெட்சன் தாமே ஓட்டக்காரர். தாமே குதிநாண் வலியால் அவதிப்பட்டவர். அறுவை செய்துகொள்ள விரும்பியபோது, அவர் நீண்ட விடுப்பில் செல்வதை மேலாளர் ஏற்கவில்லை. நாண் அறுந்துபோனால் அறுவை செய்தே தீர வேண்டும் என்று கணக்கிட்ட ஆல்ஃப்ரெட்சன், அதை அறுத்துவிடும் நோக்கத்துடன் வலிக்கும் காலில் கடும் சுமையேற்றிப் பயிற்சி செய்தார். நாண் அறவில்லை. வலிதான் நாளடைவில் போய்விட்டது. இதை அவரே பலமுறை கூறியிருக்கிறார்.

1998இல் வெளியான அவரது கட்டுரை இந்தத் துறையில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் ஒன்று. அதில் பங்கேற்றவர்கள் 15 பொழுதுபோக்கு விளையாட்டாளர்கள். சராசரி வயது 44. இன்று உலகெங்கும் இளம் வீரர்களுக்கும் தரப்படும் இச்சிகிச்சை நடுவயது ஓட்டக்காரர்களிடம்தான் முதலில் சோதிக்கப்பட்டது என்பது அதிகம் பேசப்படாத செய்தி. பயிற்சிக்குத் தேவை ஒரு படிக்கட்டு. இரு கால்களாலும் நுனிக்காலில் எழ வேண்டும். பின் உடல் எடை முழுவதையும் நோயுற்ற காலுக்கு மாற்றி, குதிகாலைப் படியின் விளிம்புக்குக் கீழே மெதுவாக இறக்க வேண்டும். மேலே எழுவதற்கு நல்ல காலைப் பயன்படுத்தலாம். முழங்காலை நீட்டி 15 முறை வீதம் மூன்று சுற்று, மடக்கி 15 முறை வீதம் மூன்று சுற்று. காலையும் மாலையும், வாரம் ஏழு நாளும், 12 வாரம். ஒரு நாளுக்கு 180 முறை. வலியில்லாமல் செய்ய முடிந்தால் முதுகுப்பையில் எடை சேர்க்க வேண்டும். ஸ்டானிஷின் முறைக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான்: வலித்தாலும் தொடர வேண்டும், தாங்க முடியாத வலி வந்தால் மட்டுமே நிறுத்த வேண்டும்.

12 வாரத்துக்குப் பின் 15 பேரும் முன்புபோல் ஓடினர். ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட வேறு 15 பேர் ஓய்வு, மாத்திரை, காலணி மாற்றம், வழக்கமான பயிற்சி ஆகியவற்றால் பயன் பெறாமல் இறுதியில் அறுவைக்குச் சென்றனர். ஆய்வு சிறியது, பங்கேற்றவர்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. அந்தக் குறைகளை மறைத்துப் பேசுவது சரியன்று. ஆயினும் பரிசோதனைச் சாலையோ விலைமிக்க கருவியோ இல்லாமல், எந்த வீட்டுப் படிக்கட்டிலும் செய்யக்கூடிய சிகிச்சை என்பதால் அது வேகமாகப் பரவியது.

அதே குழு மறு ஆண்டில் நாணுக்குள் நுண்குழாயைச் செலுத்தி அங்குள்ள வேதிப்பொருள்களை அளந்தது. அழற்சியின் அடையாளமான புரோஸ்டாகிளாண்டின் ஈ2 கூடியிருக்கவில்லை. வலியுணர்வோடு தொடர்புடைய குளூட்டமேட் கூடியிருந்தது. 2002இல் கரீம் கான், ஜில் குக் முதலியோர் 'அழற்சி' என்னும் கட்டுக்கதையைக் கைவிடும் நேரம் வந்துவிட்டது என்று பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினர். பொதுவாக 'நாண் நோய்மை' என்ற சொல்லே இன்று விரும்பப்படுகிறது. ஆல்பர்ட் 1893இல் இருந்த இடத்துக்கே, அதாவது காரணத்தை அவசரமாகச் சொல்லாத பெயருக்கே, நூறாண்டு கழித்து மருத்துவம் திரும்பியது எனலாம். அழற்சிக்கு ஓரளவு பங்கு உண்டு என்று பின்னர் வாதிட்டவர்களும் உள்ளனர்; அவ்விவாதம் முடியவில்லை.

ஓடிக்கொண்டே குணமாதல்

ஆல்ஃப்ரெட்சனின் சிகிச்சையிலும் ஓட்டக்காரருக்கு ஒரு கேள்வி எஞ்சியது. பயிற்சி நடக்கும் வாரங்களில் ஓடலாமா? கோத்தன்பர்க்கில் காரின் கிராவரே சில்பர்நாகல் 38 நோயாளிகளை இரு பிரிவாக்கி இதை ஆராய்ந்து 2007இல் முடிவை வெளியிட்டார். இரு பிரிவினரும் ஒரே பயிற்சியைச் செய்தனர். ஒரு பிரிவு முதல் ஆறு வாரம் ஓட்டத்தையும் குதித்தலையும் தவிர்த்தது. மற்றது வலியை அளந்தபடி ஓட்டத்தைத் தொடர்ந்தது. இரண்டும் ஒரே அளவில் தேறின.

அந்த அளவீடு எளியது. வலியைச் சுழியம் முதல் பத்து வரை மதிப்பிட வேண்டும். ஓடும்போதும் ஓடிய பிறகும் ஐந்து வரை வலிக்கலாம். மறுநாள் காலைக்குள் அது தணிந்துவிட வேண்டும். வாரத்துக்கு வாரம் வலியும் காலை விறைப்பும் கூடக் கூடாது. மூத்த ஓட்டக்காரருக்கு இந்த ஆய்வு தந்தது பெரிது. ஓட்டத்தை விட்டுவிட்டுக் காத்திருப்பது சிகிச்சையின் நிபந்தனை அல்ல என்பது அதன் பொருள்.

மதிப்பிடும் முறை

குதிநாண் வலியை அடையாளம் காண இன்றும் முதன்மையானவை நோயாளியின் சொல்லும் மருத்துவரின் விரல்களுமே. வலி எங்கே என்பதே முதற் கேள்வி. எலும்பிலிருந்து 2 முதல் 6 சென்டிமீட்டர் மேலே, விரல்களுக்கிடையே கிள்ளினால் வலித்து, தடித்துத் தெரிந்தால் அது நடுநாண் நோய். எலும்பில் சேருமிடத்தில் வலித்தால் அது வேறு வகை. இந்தப் பிரிவினை சிகிச்சையையே மாற்றுகிறது. உமியோ குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், நடுநாண் வலி கொண்டவர்களில் 89 விழுக்காட்டு நாண்களில் நல்ல பலன் கிடைத்தது; சேருமிட வலியில் 32 விழுக்காடு மட்டுமே. குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கும்போது நாண் எலும்பின் மீது அழுந்துவதே காரணம் என்று கருதி, தரைமட்டத்துக்கு மேல் மட்டும் செய்யும்படி பயிற்சியை 2008இல் மாற்றினர். அப்போது பலன் 67 விழுக்காடானது.

திடீரெனப் பின்னாலிருந்து யாரோ உதைத்தது போன்ற உணர்வும் 'பட்' என்ற ஒலியும் இருந்தால் நாண் அறுந்திருக்கலாம். குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைத்தசையை அழுத்தினால் பாதம் அசைய வேண்டும், அசையாவிட்டால் அறுந்திருக்கிறது. சிம்மண்ட்ஸ் 1957இலும் தாம்ப்சன் 1962இலும் விவரித்த இச்சோதனைக்குக் கை மட்டும் போதும். நோயின் கடுமையை எண்ணால் குறிக்க ஆஸ்திரேலியாவின் விக்டோரியா விளையாட்டு நிறுவனத்தின் பெயரால் அமைந்த 'விசா-ஏ' வினாத்தாள் 2001இல் வந்தது. எட்டுக் கேள்விகள், 100 மதிப்பெண். ஆனால் அது விளையாட்டாளருக்காக அமைந்தது. விளையாடாத ஒருவருக்கு வலி இல்லாவிட்டாலும் முழு மதிப்பெண் கிடைக்காது. அல்ட்ராசவுண்ட் படத்தையும் அளவோடு நம்ப வேண்டும். வலியே இல்லாத பல ஓட்டக்காரர்களின் நாணிலும், குறிப்பாக வயது கூடியவர்களிடம், மாற்றங்கள் தெரிகின்றன. படத்துக்குச் சிகிச்சை செய்வது நோயாளிக்குச் சிகிச்சை செய்வதாகாது.

மூத்தவர்களிடம் கூடுதலாகக் கேட்க வேண்டியவை உண்டு. நீரிழிவு, மரபுவழி மிகைக் கொழுப்பு, யூரிக் அமில வாதம் ஆகியவை குதிநாணைத் தாக்கும். மருந்துகளையும் கேட்க வேண்டும். இந்தியாவில் சிறுநீர்த் தொற்று முதல் வயிற்றுப்போக்கு வரை தாராளமாக எழுதப்படும் சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை நுண்ணுயிர்க்கொல்லிகள் நாணை வலுவிழக்கச் செய்து அறுந்துபோகவும் வைக்கலாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008இல் இம்மருந்துகளுக்குக் கட்டமிட்ட எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. 60 வயதைக் கடந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு உட்கொள்பவர்களுக்கும் ஆபத்து அதிகம் என்று அதில் குறிப்பிடப்பட்டுள்ளது.

வயது என்ன செய்கிறது?

நாண் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறதா என்ற கேள்விக்கு எதிர்பாராத இடத்திலிருந்து விடை வந்தது. 1955 முதல் 1963 வரை நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 பெருமளவு கூடி, பின்னர் ஆண்டுதோறும் குறைந்துவந்தது. உடலின் ஒரு திசுவில் அதன் அளவைப் பார்த்தால் அத்திசு எந்த ஆண்டுகளில் உருவானது என்று கணக்கிடலாம். டென்மார்க்கின் காட்யா ஹைன்மையர், மைக்கேல் கியேர் முதலியோர் குதிநாணை இவ்வாறு ஆராய்ந்து 2013இல் வெளியிட்டனர். நாணின் மையப் பகுதி ஏறத்தாழ 17 வயதுக்குள் உருவாகிவிடுகிறது. அதன்பின் புதுப்பிக்கப்படுவதாகத் தெரியவில்லை. அறுபது வயதில் ஒருவர் ஓடுவது தம் பள்ளிப் பருவத்து நாணைக் கொண்டுதான். 2018இல் அதே குழு நோயுற்ற நாண்களை ஆராய்ந்தபோது, அவற்றில் வலி தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே கொலாஜன் வழக்கத்துக்கு மாறாகப் புதுப்பிக்கப்பட்டு வந்திருப்பது தெரிந்தது. 'நேற்று கொஞ்சம் அதிகமாக ஓடிவிட்டேன், அதனால் வலி' என்ற விளக்கம் பெரும்பாலும் கதையின் கடைசிப் பக்கத்தை மட்டுமே சொல்கிறது.

மையம் புதுப்பிக்கப்படாவிட்டால் பயிற்சி எதைக் குணப்படுத்துகிறது? சிதைந்த பகுதியைச் சுற்றியுள்ள நல்ல இழைகள் சுமையை ஏற்கும் திறன் பெறுகின்றன என்பது ஜில் குக், கிரெய்க் பர்டம் ஆகியோர் 2009இல் முன்வைத்த படிநிலைக் கோட்பாட்டை ஒட்டிய விளக்கம். கெண்டைத்தசையின் வலிமை மீள்வது இன்னொரு பயன். வயது கூடக்கூட ஓட்டத்தில் கணுக்காலின் உந்துதல் குறைவது தெரிந்த உண்மை. ஆகவே மூத்த ஓட்டக்காரருக்குப் படிக்கட்டுப் பயிற்சி நோய்க்கு மருந்து மட்டுமன்று. அவர் இழந்துவந்ததை ஈடுசெய்வதும் ஆகும்.

குறுக்கு வழிகளும் நீண்ட வழியும்

இந்த வளர்ச்சிக்கு இணையாக ஊசிகளின் வரலாறும் ஓடுகிறது. ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியைக் குறைக்கும். நீண்டகாலப் பலன் காணப்படவில்லை, நாண் அறும் அச்சமும் உண்டு. நோயாளியின் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கும் தட்டணு ஊசி பெரும் நம்பிக்கையையும் பெரும் செலவையும் கொண்டுவந்தது. 2010இல் நெதர்லாந்தில் 54 பேரிடம் நடந்த ஆய்வில் அது உப்புநீர் ஊசியைவிட மேம்பட்டதாக இல்லை. 2021இல் பிரிட்டனில் 240 பேரிடம் நடந்த ஆய்வில் போலி ஊசியைவிடவும் பயன் கூடவில்லை.

பயிற்சியும் மாறிவந்தது. ஒரு நாளுக்கு 180 முறை என்பது வேலைக்குச் செல்பவருக்குப் பெரும் சுமை. 2015இல் கோப்பன்ஹேகனில் 58 பேரிடம் நடந்த ஆய்வில், வாரம் மூன்று நாள் மட்டும் அதிக எடையுடன் மெதுவாக ஏறி இறங்கும் பயிற்சியும் ஆல்ஃப்ரெட்சன் முறைக்கு இணையான பலனைத் தந்தது. இறக்கத்தில் தனி மந்திரம் எதுவும் இல்லை, போதிய சுமையே முக்கியம் என்ற எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது. கோத்தன்பர்க் நோயாளிகளை ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது ஐவரில் நால்வர் முழுமையாகத் தேறியிருந்தனர். நெதர்லாந்தில் ஆல்ஃப்ரெட்சன் முறையைப் பின்பற்றியவர்களை அதே கால இடைவெளியில் பார்த்தபோது வலி அறவே இல்லாதவர்கள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர்தான். மற்றவர்களில் பலர் சிறு வலியோடு இயங்கிக்கொண்டிருந்தனர்.